கம்ப்யூட்டர் ஹேங் ஆகி நின்றுவிட்டால் எங்கிருந்து தொடங்குவது

கம்ப்யூட்டர் அசையாமல் நின்றதும் பெரும்பாலானவர்களின் கை நேராகப் பவர் பட்டனுக்குத்தான் போகும். அந்தக் கையை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஹேங்கும் ஒரே வியாதி மாதிரித்தான் தெரியும், ஆனால் உள்ளே நின்றுபோயிருப்பது ஒரே ஒரு புரோகிராமாக இருக்கலாம், விண்டோஸாக இருக்கலாம், ஹார்டு டிஸ்க்காகவோ, தற்காலிக நினைவகமான ராமாகவோ இருக்கலாம், சில சமயம் மானிட்டர் கேபிள் லூசாகியிருக்கும், வேறு ஒரு குறையும் இருக்காது. எது நின்றது என்று தெரியாமல் வைத்தியம் பார்த்ததால் போட்டோக்களையும் கணக்கு வழக்குகளையும் பறிகொடுத்த வீடுகள் நிறைய.

எங்கள் குடும்பத்திலேயே நடந்தது இது. அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை உறைந்து நின்றது. பக்கத்துக் கடையில் கொடுத்தார்கள், "வைரஸ், ஃபார்மட் போடணும்" என்று சொல்லி, டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றிவிட்டார்கள். அக்கா மகனின் முதல் மூன்று வருடப் போட்டோக்கள் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன, வேறு எங்கும் நகல் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் அதே அரை மணி நேரத்தில் மறுபடி நின்றது. நான் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், ராம் துண்டு ஒன்று சரியாக உட்காராமல் தூசியேறி இருந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. போட்டோக்கள் போனது போனதுதான். அன்றிலிருந்து யார் வீட்டில் கம்ப்யூட்டர் நின்றாலும் இந்த வரிசையில்தான் பார்க்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும், டெஸ்க்டாப்போ லேப்டாப்போ எதுவாக இருந்தாலும் சரி.

முதல் ஐந்து நிமிடம் பார்ப்பது மட்டும்தான் வேலை

மவுஸை நகர்த்துங்கள், அம்புக்குறி நகர்கிறதா? அப்புறம் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்தி அதன் சின்ன விளக்கைக் கவனியுங்கள். அழுத்த அழுத்த விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸின் அடித்தளம் இன்னும் உயிரோடு இருக்கிறது, மேலே ஓடும் ஏதோ ஒன்றுதான் முரண்டு பிடிக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். விளக்கு அசையவே இல்லை, மவுஸும் நகரவில்லை என்றால் மொத்தமாக நின்றுவிட்டது. வயர் இல்லாத கீபோர்டு, மவுஸ் வைத்திருப்பவர்கள் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள், அதன் ரிசீவரைக் கழற்றி வேறு யுஎஸ்பி துளையில் போட்டும் பாருங்கள். பேட்டரி தீர்ந்த மவுஸுக்காகக் கம்ப்யூட்டரைச் சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து, சிபியு பெட்டியின் முன்பக்கம் பவர் விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன விளக்கு இருக்கும், அது டிஸ்க் வேலை செய்யும்போது மினுக்கும். பல லேப்டாப்களிலும் உண்டு. அந்த விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் நிற்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறது. அப்போது பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். இடையில் கோபத்தில் பத்துப் பதினைந்து முறை கிளிக் செய்யாதீர்கள், அத்தனை கிளிக்கும் வரிசையில் காத்திருந்து, மூச்சு திரும்பியதும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கத் தொடங்கி மறுபடி திணறவைக்கும்.

விண்டோஸ் அப்டேட் ஓடும்போது நீலத்திரையிலோ கறுப்புத்திரையிலோ சதவீதம் காட்டி, அணைக்காதீர்கள் என்று எழுதிக்கொண்டிருக்கும். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் அது ஒரு மணி நேரம்கூட ஒரே எண்ணில் நிற்கும். அதை நடுவில் நிறுத்தினால் அடுத்த முறை விண்டோஸே ஏறாமல் போக வாய்ப்பு உண்டு. லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டிவிட்டுப் போய் வேறு வேலை பாருங்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆகியும் எண் மாறவில்லை, டிஸ்க் விளக்கும் இருண்டுவிட்டது என்றால்தான் அடுத்த யோசனை.

நின்றது ஒரு புரோகிராம் மட்டும் என்றால்

மவுஸ் நகர்கிறது, ஆனால் ஒரு ஜன்னல் மட்டும் வெளுத்துப்போய், தலைப்பில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வந்து நிற்கிறது. விண்டோஸ் அனுப்பும் செய்திகளுக்கு ஒரு புரோகிராம் 5 விநாடிகளுக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் அந்த வார்த்தைகளைப் போட்டுவிடும், புரோகிராம் செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பெரிய எக்செல் ஃபைலைத் திறக்கும்போதும், பென் டிரைவில் சேமிக்கும்போதும் இப்படி வந்து தானாகவே சரியாகும். சேமிக்காத வேலை அதில் இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் நேராகத் திறக்கும். நின்றுபோன புரோகிராமைத் தேர்ந்தெடுத்து "எண்ட் டாஸ்க்" கொடுங்கள். அதில் சேமிக்காதது போய்விடும், மற்றவை எல்லாம் பத்திரமாக இருக்கும். கீழே இருக்கும் டாஸ்க்பாரும் ஸ்டார்ட் பட்டனும் மட்டும் உறைந்திருந்தால், அதே பட்டியலில் "விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்" என்பதைக் கண்டுபிடித்து "ரீஸ்டார்ட்" கொடுங்கள். திரை ஒரு விநாடி காலியாகித் திரும்பும், பயப்பட வேண்டாம்.

டாஸ்க் மேனேஜரும் திறக்கவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட். இந்த மூன்று விசைக் கூட்டு ஐபிஎம் பிசியை உருவாக்கிய காலத்தில், 1981-ஐ ஒட்டி, டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் அமைத்தது. அப்போது அது கம்ப்யூட்டரை உடனே ரீஸ்டார்ட் செய்துவிடும், யாரும் தெரியாமல் கை பட்டு அழுத்திவிடக் கூடாது என்றுதான் தள்ளித் தள்ளி இருக்கும் விசைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைய விண்டோஸில் இந்தக் கூட்டை எந்தப் புரோகிராமும் இடைமறிக்க முடியாது, நேராக விண்டோஸுக்கே போகும். அதனால்தான் மற்றதெல்லாம் அடைத்துக்கொண்ட நேரத்திலும் இது பல முறை வேலை செய்கிறது. அந்தத் திரையின் வலது கீழ் மூலையில் பவர் குறி இருக்கும், அதிலிருந்து ஒழுங்காக ரீஸ்டார்ட் செய்யலாம். அதுவும் நகரவில்லை என்றால் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு அதே பவர் குறியைக் கிளிக் செய்யுங்கள், அவசர ரீஸ்டார்ட் வேண்டுமா என்று கேட்கும். சேமிக்காதது போய்விடும் என்றாலும் பட்டனை அழுத்திக் கொல்வதைவிட இது மேல்.

திரை கறுத்துவிட்டது, ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, இல்லை கேப்ஸ் லாக் விளக்கு வேலை செய்கிறது என்றால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பீப் சத்தம் வந்து திரை மினுக்கித் திரும்பலாம். திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் டிரைவர் என்ற மென்பொருளை மட்டும் மறுபடி தொடங்கும் வழி இது, திறந்திருக்கும் எந்த ஃபைலும் மூடாது. புதியவர்கள் பலருக்கும் தெரியாத ஒன்று, எனக்கு இரண்டு முறை கைகொடுத்திருக்கிறது.

ஹேங் போல நடிக்கும் திரை

இதை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள். ஏதோ ஒரு இணையதளத்தில் தவறி ஒரு விளம்பரத்தைத் தொட்டதும் திரை முழுக்கச் சிவப்பாகவோ நீலமாகவோ ஆகி, "உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, வைரஸ் வந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று அலறும். மவுஸ் கட்டுக்குள் வராது, மூடும் குறியும் இருக்காது. பார்ப்பதற்கு அப்படியே கம்ப்யூட்டர் நின்றுபோன மாதிரி. ஆனால் நின்றது எதுவும் இல்லை, பிரவுசரை முழுத்திரையாக்கி மறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது, அந்த நிறுவனமே இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் பிடித்துக்கொண்டிருங்கள், முழுத்திரை விலகும். இல்லையென்றால் ஆல்ட், எஃப் 4. அதற்கும் போகாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரையே முடித்துவிடுங்கள், மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த எண்ணுக்கு யாராவது ஏற்கெனவே அழைத்து, எதிர்முனையில் இருப்பவர் சொன்ன செயலியை ஏற்றிக் கம்ப்யூட்டரை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள் என்றால், முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள், இந்தியாவில் சைபர் மோசடிப் புகாருக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம், வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்துச் சொன்னால் கஷ்டம்.

எதற்கும் அசையவில்லை

சரி, மவுஸ் இல்லை, கேப்ஸ் லாக் இல்லை, டிஸ்க் விளக்கும் அணைந்தோ நிலையாக எரிந்தோ இருக்கிறது, பத்து நிமிடம் காத்தும் ஆயிற்று. இப்போது பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், மின்விசிறிச் சத்தம் அடங்கும்வரை, பத்து விநாடிக்கு மேலேயே ஆகலாம். சுவரில் சுவிட்சைப் பட்டென்று அணைப்பதைவிட இது நல்லது. அணைந்ததும் டெஸ்க்டாப் என்றால் பின்னால் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டியில் இருக்கும் கேபிளைக் கழற்றுங்கள், லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றுங்கள். பென் டிரைவ், பிரிண்டர், வெப்கேம் என்று செருகியிருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து விடுங்கள், உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். அப்புறம் கீபோர்டும் மவுஸும் மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். செருகி வைத்த பென் டிரைவிலிருந்து ஏற முயன்று கறுப்புத்திரையில் நிற்கும் கம்ப்யூட்டர்கள் உண்டு.

ஏறிவிட்டதா? அப்படியென்றால் வேறு எதையும் செய்வதற்கு முன் முக்கியமான ஃபைல்களை ஒரு வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகலெடுத்துவிடுங்கள். ஆராய்ச்சி அப்புறம். மறுபடி ஏறாமலே போவதற்கு முன் கிடைத்த ஒரே வாய்ப்பாகக்கூட இது இருக்கலாம், அக்கா வீட்டில் அந்த வாய்ப்பு பத்துப் பதினைந்து தடவை கிடைத்தும் யாரும் சொல்லாததால் போனது.

இன்னொன்று, ஷட் டவுன் செய்து ஆன் செய்வதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்று இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி போடப்பட்டிருக்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் தன் உள்நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப்போகும், அடுத்த முறை அதையே எடுத்துக்கொண்டு எழும், உள்ளே இருந்த கோளாறும் சேர்ந்தே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். தினமும் அணைத்துப் போட்டும் மாதக்கணக்கில் மந்தமாகவே இருக்கிறது என்பவர்கள் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

ஏன் நின்றது என்று தேடுவது

ஸ்டார்ட்டில் "ரிலையபிலிட்டி" என்று ஆங்கிலத்தில் தட்டினால் ரிலையபிலிட்டி மானிட்டர் வரும். நாள் வாரியாகக் கட்டம் போட்டு, எந்த நாளில் எது விழுந்தது என்று சிவப்புக் குறியோடு காட்டும். ஒரே புரோகிராமின் பெயர் மறுபடி மறுபடி வந்தால் அதை நீக்குங்கள் அல்லது புதுப்பியுங்கள். ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்ற குறிப்பு மட்டும் அடிக்கடி வந்து, அதற்கு முன் வேறு எந்தத் தவறும் இல்லை என்றால் என் சந்தேகம் கரண்ட், சூடு, ராம் பக்கம் திரும்பும்.

நான் பார்த்தவரை வீட்டுக் கம்ப்யூட்டர் திணறுவதற்குப் பெரிய காரணம் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்தான். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்தில் சிவந்து நிற்கும், பிராசசரைக் குறிக்கும் சிபியு பத்தி 10 சதவீதம்கூட இருக்காது. பலர் இதைப் பார்த்து வைரஸ் என்று முடிவு கட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும் ஒரு தட்டு, அதன் மேல் இங்கும் அங்கும் ஓடிப் படிக்கும் ஒரு ஊசி, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 10 மில்லிவிநாடி. கணக்குப் போட்டால் விநாடிக்கு நூற்றுச் சொச்சம் இடங்களைத்தான் அதனால் தொட முடியும். விண்டோஸ் எழும் நேரத்தில் அப்டேட், ஆன்டிவைரஸ், தேடல் அட்டவணை, பிரவுசர் எல்லாம் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கும்போது அந்த ஊசி என்ன செய்யும்? எஸ்எஸ்டி என்ற சிப் வகை டிஸ்க்கில் ஓடும் பாகமே இல்லை, அதனால் இந்தக் காத்திருப்பே இல்லை. பத்து வருடம் பழைய கம்ப்யூட்டரில்கூட பழைய டிஸ்க்கின் இடத்திலேயே மாட்டக்கூடிய சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினால் வேறு கம்ப்யூட்டர் மாதிரி ஆகிவிடும். புது கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பதே உள்ளே எஸ்எஸ்டி இருக்கிறதா என்றுதான்.

டிஸ்க் மெதுவா, நோயா என்று பிரித்துப் பார்க்கவும் வேண்டும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்புகளைப் படித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் அபாயம். மஞ்சள் வந்த டிஸ்க் இன்னும் ஒரு வருடமும் ஓடலாம், நாளைக்கே நிற்கவும் செய்யலாம், அதை நம்பி எதையும் வைக்காதீர்கள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சீராக ஒரு தட்டும் சத்தம் வந்தால் உடனே அணையுங்கள், "இன்னும் ஒரு முறை போட்டுப் பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே தட்டு கீறிக்கொண்டிருக்கலாம். முக்கியமான தரவு இருந்தால் அதற்கென்றே இருக்கும் மீட்பு நிபுணரிடம்தான் போக வேண்டும்.

டிஸ்க் நலமாக இருந்தால் மட்டும் அதில் ஃபைல் பிழைகளைத் தேடுங்கள். "திஸ் பிசி"யில் சி டிரைவை வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக். மஞ்சள் காட்டும் டிஸ்க்கில் நகலெடுப்பதற்கு முன் இதைச் செய்யாதீர்கள், முழு டிஸ்க்கையும் சுரண்டிப் படிக்க வைப்பது நோயாளியை ஓடவிடுவது போல. சி டிரைவில் இடம் ஐந்து ஜிபிக்குக் கீழே போயிருந்தாலும் விண்டோஸ் திணறும், செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் போய்த் தற்காலிக ஃபைல்களை நீக்குங்கள், ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும், அதில் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். ராம் 4 ஜிபி என்றால் பிரவுசரில் பத்து டேப் திறந்தாலே நிரம்பிவிடும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி போதும் என்றுதான் அதிகாரப்பூர்வமாக எழுதியிருக்கிறார்கள், ஏறுவதற்குப் போதும், நிம்மதியாக வேலை செய்ய 8 வேண்டும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே சாதாரண வீட்டு உபயோகத்துக்குப் போதும் என்பது என் எண்ணம்.

சூடும் தூசியும் கரண்டும்

ஏறிய அரை மணி நேரத்தில் நிற்கிறது, அணைத்து ஆறவிட்டுப் போட்டால் மறுபடி ஓடுகிறது, வெயில் காலத்தில் அதிகம் என்றால் சூட்டைப் பாருங்கள். பெட்டியின் பக்கப் பலகையைத் திறந்தால் பல வீடுகளில் சிபியு மேல் இருக்கும் விசிறியே தெரியாத அளவுக்குத் தூசிக் கம்பளம் படர்ந்திருக்கும், தரையில் வைத்திருந்தால் இன்னும் மோசம். கேபிளைக் கழற்றிவிட்டு, பால்கனிக்குக் கொண்டுபோய், மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷாலும் புளோயராலும் சுத்தம் செய்யுங்கள். புளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். ஈரத்துணி கூடாது. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது, கரண்டைக் கழற்றிய பிறகும் அதன் கப்பாசிட்டரில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். லேப்டாப்பை மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஓட்டுபவர்கள், அடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸி போட்டதும், மோட்டார் போட்டதும் கம்ப்யூட்டர் நிற்கிறதா, அல்லது ரீஸ்டார்ட் ஆகிறதா? அது கம்ப்யூட்டரின் குற்றம் இல்லை. ஜங்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு ஜங்ஷன் பாக்ஸ் என்று இழுத்திருந்தால் எடுத்துவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். கரண்ட் போனதும் யுபிஎஸ் ஒரு விநாடிகூடத் தாங்காமல் விழுந்தால் அதன் பேட்டரி முடிந்துவிட்டது, சாதாரண வீட்டு யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி, இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டிவரும்.

ஆன் செய்தாலும் திரையில் ஒன்றும் இல்லை

விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. முதலில் மானிட்டருக்குக் கரண்ட் வருகிறதா, கேபிள் இரு முனையிலும் இறுகியிருக்கிறதா பாருங்கள். "நோ சிக்னல்" என்று வந்தால் மானிட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் கேபிளை அந்தக் கார்டில்தான் மாட்ட வேண்டும், வீடு பெருக்கும்போது கழன்று யாரோ மதர்போர்டு துளையில் மாட்டிவிடுவது சகஜம். லேப்டாப் என்றால் இருட்டில் திரைமேல் டார்ச் அடித்துப் பாருங்கள், மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் பின்விளக்குதான் போயிருக்கிறது, உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது ராம். கேபிளைக் கழற்றி, பவர் பட்டனை அழுத்தி வடியவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ராம் துண்டின் ஓரக் கிளிப்பை விலக்கி எடுங்கள். தங்க நிறத்தில் இருக்கும் அடிப்பகுதியைச் சாதாரண பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதித் தட்டிவிட்டு, பள்ளம் பார்த்து வைத்து இரண்டு ஓரமும் டிக் என்று பிடிக்கும்வரை அழுத்துங்கள். இரண்டு துண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எது கெட்டது என்று தெரிந்துவிடும். ஏறிய பிறகும் சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட்டில் "விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்" என்று தேடி ஓடவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னே போய், இணையதளங்கள் பாதுகாப்புப் பிழை காட்டினால் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற வட்டப் பேட்டரியை மாற்றுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

விண்டோஸ் லோகோவரை வந்து நிற்கிறது

லோகோ வந்ததும் பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள், இப்படி இரண்டு மூன்று முறை. அதன்பின் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அப்புறம் வரும் பட்டியலில் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அத்தியாவசியமானவை மட்டும் ஏறும் நிலை இது. இதில் நன்றாக ஓடினால் இயந்திரம் பெரும்பாலும் நலம், கடைசியாக ஏற்றிய டிரைவரோ புரோகிராமோதான் தடுக்கிறது, அதை நீக்குங்கள். அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் சமீபத்திய அப்டேட்டை நீக்கவும், சிஸ்டம் ரீஸ்டோர் மூலம் முந்தைய நாளுக்குப் போகவும் வழி இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. அவற்றில் பலவற்றைச் சரிசெய்தது எப்படித் தெரியுமா? சேஃப் மோடில் ஏறி ஒரு ஃபைலை அழித்துத்தான். அதற்கு ஃபார்மட் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் சிலருக்கு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். விண்டோஸ் 11 உள்ள பல புது லேப்டாப்களில் டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், அந்தச் சாவி பெரும்பாலும் நீங்கள் உள்நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், போனில் பிரவுசரைத் திறந்து அந்தக் கணக்கில் நுழைந்து பார்க்கலாம். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும் இன்றைக்கே போய் அதை எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சாவி இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது.

எதுவும் பலிக்காவிட்டால் "ரீசெட் திஸ் பிசி" இருக்கிறது. "கீப் மை ஃபைல்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் சொந்த ஃபைல்கள் இருக்கும், ஏற்றிய புரோகிராம்கள் போய்விடும். "ரிமூவ் எவ்ரிதிங்" எல்லாவற்றையும் துடைத்துவிடும். அதற்கு முன் தரவை எடுக்க இன்னொரு வழியும் உண்டு, தெரிந்தவர் கம்ப்யூட்டரில் ஒரு பென் டிரைவில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, அதிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை "இன்ஸ்டால் செய்யாமல் முயன்று பார்" என்ற முறையில் ஏற்றினால் டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டர்கள் தெரியும், வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் இதற்கும் அந்தச் சாவி வேண்டும்.

கடைக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை வந்தால், "ஹேங் ஆகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஆன் செய்து எவ்வளவு நேரத்தில் நிற்கிறது, கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா, சத்தம் வருகிறதா, சேஃப் மோடில் எப்படி இருந்தது, நீங்கள் எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டிக் கொடுங்கள். அதே தாளின் தலையில் பெரிய எழுத்தில் "என்னைக் கேட்காமல் ஃபார்மட் போடக் கூடாது" என்று எழுதுங்கள், ரசீதிலும் அதை எழுதி வாங்குங்கள். டிஸ்க்கை மாற்றச் சொன்னால் பழைய டிஸ்க்கைக் கையோடு கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.